அஞ்சலையின் நெற்றி

போன வாரம் சுமதி போன் செய்தாள். ஓவியங்களை விற்கும் சென்னை ஏல நிறுவனத்தில், காகிதப் படங்களைச் செப்பனிடும் பிரிவில் எனக்குக் கீழே வேலை பழகிய பெண். இப்போது மும்பையில் வேறொரு ஏல நிறுவனத்தில் நான் பார்த்த அதே வேலையைப் பார்க்கிறாள்.

"சார், உங்க கை பட்ட படம் ஒண்ணு என் மேசைக்கு வந்திருக்கு. நெய்வேலிப் படம். வாங்கினவர் மறுபடி விக்கிறார். முன்பக்கம் அவ்வளவு சுத்தமா இருக்கு. பின்னாடி மட்டும், நெத்திக்கு நேரா, லேசா பிங்க் கலர்ல ஒரு வட்டம். என்ன சார் அது? அதை எடுக்க முடியுமா? ரிப்போர்ட்ல என்னன்னு எழுதறது?"

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அது ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை. தவிர, பிரிவில் இருந்த பிள்ளைகள் நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்தே, "சார், நீங்க செஞ்ச வேலையையெல்லாம் எழுதுங்க" என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. இந்த ஒன்றை எழுதிவிடுகிறேன்.

படம் வரைந்தவரின் பெயரைச் சொல்லமாட்டேன். வரைந்தவர் பெயரை உரக்கவும், விற்றவர், வாங்கியவர் பெயர்களை வாய்க்குள்ளேயும் வைத்துக்கொள்வதுதான் எங்கள் தொழில். வேலையை விட்டு வந்த பிறகு எனக்கு அது தலைகீழாகிவிட்டது, வரைந்தவர் பெயர் வாய்க்குள்ளே போய் விற்றவர் பெயர்தான் வெளியே வருகிறது. நாடறிந்த ஓவியர், காலமாகிவிட்டார், அவருடைய துண்டுக் காகிதத்துக்குக்கூட இன்று ஆள் அடித்துக்கொள்கிறது என்று தெரிந்தால் போதும்.

என் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். நான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். எங்கள் பிளாக்கில் என் வயசுப் பையன்கள் எல்லோரும் அப்ரண்டிஸ் முடித்து மைன்ஸில் பெர்மனன்ட் ஆனார்கள். நான் மட்டும் வேதியியல் படித்துவிட்டு, சென்னையில் பழைய சுவடி, காகிதம், துணியெல்லாம் பழுதுபார்க்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். முதல் வருடம் முழுக்க மைதாப் பசை காய்ச்சியதுதான் வேலை. லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா, "என்னடா, இன்னும் பசைதான் காய்ச்சுறியா?" என்பார். அடுத்த பல வருடங்களும் பசையும் பஞ்சும் ஒற்றுத்தாளுமாகப் போயின. அங்கிருந்து ஏல நிறுவனத்துக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டவர் விமலா மேடம்.

மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை. மேசைப் பக்கம் வருவதற்கு முன் வளையல், கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுவிடுவார். கிண்ணத்தில் சத்தம் கேட்டால் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். எந்தப் படம் வந்தாலும் முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார். முதலில் குப்புறப் போடச் சொல்வார். முதுகைப் பார்த்து, ஓரத்தைத் தடவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நிமிர்த்தச் சொல்வார்.

"முன்பக்கத்த ஊரே பாக்கும், தாமோதரன். நமக்குச் சம்பளம் பின்பக்கத்துக்கு."

நானும் அப்படியே பழகிப்போனேன். எவ்வளவு பெரிய ஓவியர் வரைந்திருந்தாலும் எனக்கு அது முதலில் காகிதம். என்ன கூழில் செய்தது, எங்கே மடிந்தது, எங்கே பூஞ்சை பிடித்தது என்பதுதான் கண்ணில் படும். அதில் மலை இருக்கிறதா மாடு இருக்கிறதா என்று மறுநாள் கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். இது எனக்குப் பெருமையாகவே இருந்தது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மேடம் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், தாத்தா காலத்து நீர்வண்ணப் படத்தைத் தூசி படக்கூடாதென்று கடையில் கொடுத்து லேமினேஷன் செய்து கொண்டுவந்தார். பிளாஸ்டிக்குக்குள் படம் வெந்து போயிருந்தது. எனக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. மேடம் அவருக்குக் காபி வரவழைத்து, அவர் குடித்து முடிக்கும்வரை அவருடைய தாத்தாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "வீட்லயே வச்சுக்கங்க, இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று அனுப்பிவைத்தார். அவர் சந்தோஷமாகப் போனார். அப்படிப் பேசத் தெரிவதும் இந்த வேலையில் ஒரு பகுதி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தானே புயலுக்குப் பிறகு இரண்டு மூன்று வருடங்கள் கழித்து நெய்வேலியிலிருந்து ஒரு டீச்சர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவர் வீட்டில் வேலை செய்யும் மலர்க்கொடி என்ற பெண்ணின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. டீச்சர் மொய் வைக்கப் போன இடத்தில் சுவரில் ஒரு படத்தைப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் அந்த ஓவியரின் கையெழுத்து. அப்போதுதான் ஓவியர் காலமாகி, அவர் இளவயதில் நெய்வேலிக்கு வந்து, சுரங்கம் தோண்டிய இடத்தில் மண் சுமந்த பெண்களைப் பார்த்து வரைந்ததெல்லாம் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது.

"உங்க ஊர்தானே, நீங்களே போயிட்டு வந்துடுங்க" என்றார் மேடம்.

வடலூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, மலர்க்கொடியின் வீடு இருந்த வடக்குத்துக்குப் போனேன். மண்சுவர், மேலே தகர ஷீட், அதன் மேல் பறக்காமலிருக்கக் கற்கள். வாசலில் அறுத்துப் போட்ட பலாமரத்தின் அடிக்கட்டை. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர் ஏழுமலை, மலர்க்கொடியின் அப்பா. சுரங்கத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்து ஓய்ந்தவர். கடைசிவரை பெர்மனன்ட் ஆகவில்லை.

உள்ளே சுவரில் அந்தப் படம். ஒரு முழ உயரக் காகிதம். மண் சுமக்கும் இரும்புப் பாண்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் சும்மாட்டுத் துணி. எல்லாம் கறுப்பு மைக் கோடு. சட்டத்தைச் சுற்றி ஒரு கண்ணி கனகாம்பரம். நெற்றியில் சந்தனம் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம். பெரிய பொட்டு. படத்துக்குக் கண்ணாடி இல்லை. பொட்டு காகிதத்தின் மேலேயே இருந்தது.

நான் கிட்டே போய் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்கூட்டு பொம்பளைங்க. அஞ்சல. போய்ச் சேந்து பல வருசம் ஆவுது" என்றார் ஏழுமலை. "போட்டோ ஒண்ணும் கிடையாது. ஓட்டு கார்டுல கீற படம் பேய் மாரி கீது. இது கண்ணாலத்துக்கு முன்னாடி யாரோ வரைஞ்சி குடுத்தது. அது டிரங்கு பொட்டிக்குள்ளயே வச்சிகினு இருந்திச்சி. செத்தப்புறம்தான் வெளிய எடுத்து மாட்டி, கண்ணுல தண்ணியோட அன்னிக்கே பொட்டு வச்சேன்."

"கண்ணாடி போடலியா ஐயா?"

"போட்டுத்தான் வச்சிருந்தேன். தானே புயல்ல இந்தப் பலாமரம் வூட்டு மேல சாஞ்சிடிச்சி. கூரை போச்சி, கண்ணாடி நொறுங்கிடிச்சி. படத்த நெஞ்சோட கட்டிகினு கட்டிலுக்கு அடியில பூந்துகினேன். ஒரு சொட்டு நனையல, பாருங்க."

"அதுக்கப்புறம் கண்ணாடி போட்டிருக்கலாமே?"

"இன்னாத்துக்குங்க? கண்ணாடி இருந்தப்ப கண்ணாடிக்குத்தான் பொட்டு வச்சிகினு இருந்தேன். இப்ப அது நெத்திலயே வைக்கிறேன்."

தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைப்பாராம்.

விற்கவேண்டாம் என்றாள் மலர்க்கொடி. கதவோரம் நின்று அழுதபடியே சொன்னாள். "அம்மாவ வித்து வூடு கட்டி அதுல யாரு குந்துறது? எனக்கு வேணாம் சார், நீங்க கெளம்புங்க."

ஏழுமலை அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "டீச்சரம்மா சொன்னாங்க, மெத்தவூடு கட்டலாமுன்னு. காத்தடிச்சா ஆடாத வூடு. அன்னிக்குப் பேரப்புள்ளைங்க கத்துன கத்து இன்னும் எங்காதுல கீது. அது உசுரோட இருந்திருந்தா, 'குடுய்யா, புள்ளைங்களுக்குத்தான'ன்னு அதுவே எடுத்து நீட்டியிருக்கும். எனக்குத் தெரியும் சார் அது மனசு."

மனைவி சம்மதித்திருப்பாள் என்ற அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவர் படத்தைக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டார்.

"இதே அளவுல, இதே மாரி ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க. காலைல எழுந்தா பொட்டு வைக்க ஒரு மூஞ்சி வேணும்ல."

"நானே கொண்டுவந்து தரேன் ஐயா" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

சென்னையில் கிண்ணத்தில் வளையல்கள் விழுந்தன. குப்புறப் போட்டோம். நல்ல காகிதம், துணிக்கூழ், ஓரத்தில் மட்டும் பழுப்பு. மேடம் முகர்ந்து பார்த்து, "சந்தனம் நல்லாவே மணக்குது" என்றார். பிறகு நிமிர்த்தினோம்.

"பொட்டை விட்டுடலாமா மேடம்? இதுவும் படத்தோட வரலாறுதானே?" என்று கேட்டேன்.

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். "வாங்கறவர் வீட்டுச் சுவர்ல அது யாரு வச்ச பொட்டு, தாமோதரன்? அது அந்தப் பெரியவருக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவுல இருக்கறது. அதை நாம எப்படி விக்கறது? எடுத்துடுங்க."

இன்றைக்கும் நான் அந்தப் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்கமாட்டேன்.

பிள்ளைகள் கேட்டது இந்த இடத்தைத்தான், எனவே விவரமாகச் சொல்கிறேன். சந்தனம் பயமில்லை. அது மரத்தூள், காகிதத்தின் மேலே பொறுக்குத் தட்டி நிற்கும். லென்ஸில் பார்த்துக்கொண்டே, மழுங்கின சின்னக் கத்தியால் பொறுக்கைத் துகள் துகளாகப் பெயர்த்து, மென்மையான தூரிகையால் ஒதுக்கிவிடலாம். அவசரப்பட்டு ஈரத்தில் ஊறவைத்தால் எல்லாம் கஞ்சியாகி இழைக்குள் இறங்கிவிடும். குங்குமம்தான் எமன். கடையில் விற்பதில் பாதி சாயம். ஈரம் கண்டதும் ஓட ஆரம்பிக்கும். அதைப் பக்கவாட்டில் ஓடவிடாமல் நேரே கீழே இறக்கவேண்டும். பொட்டுக்கு அடியில், காகிதத்தின் முதுகில், ஒற்றுத்தாள் வைத்தேன். மேலிருந்து தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்து தூரிகை நுனியில் சொட்டுச் சொட்டாக வைத்தேன். சாயம் காகிதத்தைத் துளைத்து இறங்கி ஒற்றுத்தாளுக்குப் போகும். தாளை மாற்று, மறுபடி சொட்டு, மறுபடி மாற்று. சிவந்த தாள்கள் பக்கத்தில் குவிந்துகொண்டே போயின. ஓவியர் இட்டது கெட்டியான இந்தியன் மை, அது அசையாது. பாண்டுக்குப் பின்னால் நீர்த்த மையில் ஒரு நிழல் தீட்டியிருந்தார். அது மட்டும் கரையலாம் என்று பயந்து, அதன் மேல் ஒரு தாளைப் போட்டு மூடி, ஈரம் படாமல் கடைசிவரை காப்பாற்றினேன். அந்த நிழலைக் காப்பாற்றியதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பொட்டு போகப் போக, அதற்கு அடியிலிருந்து இரண்டு கோடுகள் மேலே வந்தன. புருவங்களுக்கு நடுவே, நெற்றியைச் சுளித்தால் விழுமே, அந்த இரண்டு சின்ன நெட்டுக் கோடுகள். பொட்டு இத்தனை நாளும் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருந்திருக்கிறது. அதற்கு முன் கண்ணாடியின் மேல் வைத்த பொட்டும் அதே இடத்தில்தான் இருந்திருக்கும். கோடுகள் வந்ததும் முகமே மாறிவிட்டது. அதுவரை சாந்தமாக உட்கார்ந்திருந்தவள் இப்போது கடுகடுவென்று நேரே பார்த்தாள்.

மேடத்தைக் கூப்பிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடடா" என்றார். அவரிடமிருந்து அந்தச் சொல்லை நான் வாங்கியது அந்த ஒருமுறைதான். என் வேலைக்காலத்தின் மிக நல்ல வேலை அது. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

ஏலத்துக்கு முன்னால் அச்சிடும் விலைப்பட்டியல் புத்தகத்துக்கு எழுதிய இளைஞர் அந்த இரண்டு கோடுகளைப் பற்றியே ஒரு பக்கம் எழுதினார். உழைக்கும் பெண்ணின் கோபம், மண்ணைப் பறிகொடுத்தவளின் கேள்வி என்றெல்லாம் எழுதியிருந்தார். பார்வைக்கு வைத்த நாட்களில் ஜனங்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று நகரவில்லை. ஏலத்தில் கை தூக்கியவர்கள் ஒவ்வொருவராக இறக்கிக்கொள்ள, போனில் ஒருவர் மட்டும் விடாமல் கேட்டு வாங்கினார். படத்தின் நிலையைச் சொல்லும் அறிக்கையில் மேடம், "நெற்றியிலிருந்த கறை நீக்கப்பட்டது" என்று ஒரே வரி எழுதினார். ஏழுமலை கேட்டதைவிடப் பெரிய வீடாகவே கட்டலாம் என்கிற அளவுக்குப் படம் போயிற்று.

சொன்னபடி பிரதி எடுத்தேன். அதே அளவு, அதற்குத் தோதான காகிதம், தேக்குச் சட்டம், இந்தமுறை கண்ணாடியும் போட்டேன். விலைப்பட்டியலுக்கு எடுத்த படத்திலிருந்துதான் அச்சடித்தது. சுத்தம் செய்வதற்கு முன்னால் நாங்கள் எடுத்த படங்கள் கறையைக் காட்டுவதற்காகச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தவை, அதில் முகம் குண்டும் குழியுமாகத் தெரியும். நல்லதாகக் கொடுக்கவேண்டுமே என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

ஏழுமலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சந்தனம் குழைத்து வைத்துக் காத்திருந்தார். மலர்க்கொடி வேலைக்குப் போயிருந்தாள். நான் தாளைப் பிரித்தேன். அவர் சந்தனக் கிண்ணத்தோடு கிட்டே வந்தார். விரல் நெற்றிவரை போய் நின்றுவிட்டது.

"சார், இது கோவமா இருக்குதே."

"ஐயா?"

"அஞ்சலைக்குக் கோவம் சார். நான் வித்துட்டேன்னு." கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "இந்த மூஞ்சிய எனக்குத் தெரியும். வூட்டுல சண்ட வந்தா இப்பிடித்தான் பாக்கும், ஒரு வார்த்த பேசாது."

நான் பதறிப்போய் எல்லாவற்றையும் விளக்கினேன். பொட்டுக்கு அடியில் கோடுகள் இருந்ததை, பொட்டு அவற்றை மறைத்திருந்ததை, நான் எடுத்ததும் அவை வெளியே தெரிந்ததை. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க தொடச்சதுல வந்துச்சா, இல்ல உள்ளயே இருந்துச்சா?"

வேலையில் என் நேர்மையையே சந்தேகப்படுவது போல எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. கோடு நான் போட்டதில்லை, ஓவியர் போட்டது, எங்கள் கை ஒரு புள்ளிகூடச் சேர்க்காது என்று சொல்லவேண்டும் என்பதுதான் அப்போது புத்தியில் நின்றது.

"உள்ளயே இருந்ததுதான் ஐயா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அதான பாத்தேன்" என்றார்.

"பொட்டு வையுங்க ஐயா, மறுபடி பழைய மாதிரி ஆயிடும்" என்றேன்.

"மறச்சி வச்சா கோவம் போயிடுமா சார்? ஆறட்டும். அதுவா ஆறுனப்புறம் வச்சிக்கிறேன்."

நான் காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். கோயம்புத்தூர்க்காரரை மேடம் எப்படிச் சிரிக்கச் சிரிக்க அனுப்பினார் என்பது வடலூர் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஓய்வு பெற்றதும் நானும் வடக்குத்துக்கே வந்துவிட்டேன். அப்பா வாங்கிப்போட்ட ஒரு மனை இங்கே இருந்தது. குவார்ட்டர்ஸ்காரர்கள் ரிட்டயர்டானதும் வந்து வீடு கட்டுகிற இடம்தானே இது. ஏழுமலையின் மெத்தைவீடு என் தெருவிலிருந்து பார்த்தால் தெரியும். நல்ல வீடு. அடுத்த புயல் வந்தாலும் அசையாது. கூடத்தில் நேர் சுவரில் அந்தப் படம். மாலை போடுவார்கள், விளக்கேற்றுவார்கள். நெற்றி மட்டும் வெறுமையாகவே இருந்தது.

வாரத்துக்கு ஒருமுறையாவது போய் அவரோடு உட்கார்ந்திருப்பேன். சுரங்கத்தைப் பற்றிப் பேசுவார், முந்திரி விலையைப் பற்றிப் பேசுவார். கிளம்பும்போது நான் படத்தைப் பார்த்தால் அவரும் பார்ப்பார். "இன்னும் ஆறல" என்பார் மெல்ல, மகள் காதில் விழாமல். அந்தப் படத்தை வரைந்தவர் யார், எப்போது, எங்கே உட்காரவைத்து வரைந்தார் என்று மனைவியிடம் ஒருநாளும் கேட்டதில்லையாம். அவளை வேறு எவனோ வரைந்திருக்கிறான் என்று கல்யாணமான புதிதில் இவருக்கு உள்ளுக்குள் ஒரு பொருமல். அது தெரிந்துதான் அஞ்சலையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாளாம். "அப்பவே கேட்டிருக்கணும் சார்" என்று ஒருநாள் சொன்னார். நான் "உம்" கொட்டினேன்.

படுக்கையில் விழுந்து அதிகநாள் இழுக்கவில்லை. போய்விட்டார்.

கருமாதிக்குப் போயிருந்தேன். சுவரில் அஞ்சலை படத்துக்குப் பக்கத்தில் ஏழுமலை போட்டோவை மாட்டியிருந்தார்கள். சாப்பாடெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மலர்க்கொடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், அப்பா ஏன் இந்தப் படத்துக்குப் பொட்டே வைக்கல? நான் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன், சொல்லவே இல்ல. நகல்னு வைக்கலியோ?"

எல்லாம்தான் முடிந்துவிட்டதே என்று நினைத்து நடந்ததைச் சொன்னேன். கோடுகள், கோபம், ஆறட்டும் என்று அவர் காத்திருந்தது, எல்லாவற்றையும்.

அவள் எழுந்து படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"கோவமா? யாரு சொன்னது கோவம்னு? அய்யோ, அது வெயில் சார்! அம்மா எங்கிட்ட எத்தினி தபா சொல்லிச் சிரிச்சிருக்கு. மண்ணு கொட்டிட்டு வந்து குந்துனப்ப எதுக்க வெயிலாம். மூஞ்சில அடிக்குதாம். அந்தாளு நவுரவே வுடலியாம், 'இரும்மா இரும்மா'ன்னு குந்த வச்சிட்டாராம். கண்ணத் தொறக்க முடியாம சுளிச்சிகினே இருந்தேன், அதையும் அப்பிடியே போட்டுட்டான் பாவிப்பய, அப்பிடின்னு சொல்லும். அப்பாகிட்ட சொன்னா மூஞ்சத் தூக்கி வச்சிக்கும்னு சொல்லாது." பிறகு தரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார். நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

நான் எழுந்து போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். அத்தனை நாள் என் கையில் இருந்த படம். பாண்டுக்குப் பின்னால், நீர்த்த மையில், பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது நிழல். வெயில் எதிரில் இருந்தால்தான் நிழல் அப்படி விழும். ஓவியர் அதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார். அந்த நிழலுக்கு ஈரம் படக்கூடாதென்று தாள் போட்டு மூடிக் காத்தவன் நான். அது எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. உள்ளேயே இருந்ததா என்று அந்த மனிதர் கேட்டபோது, "ஆமாய்யா, வெயில்" என்று சொல்ல வேண்டிய பதில் என் மடியிலேயே இருந்தது. ஒரு சொல். அந்த ஒரு சொல் இல்லாமல் அவர் ஆடாத வீட்டில் உட்கார்ந்து மனைவியின் கோபம் ஆறக் காத்திருந்து செத்துப்போனார்.

அவர் கேள்வியை மலர்க்கொடியிடம் நான் எடுத்துப்போயிருக்கலாம். எத்தனை வாரம் அந்த வீட்டில் காபி குடித்திருப்பேன். அவள்தானே கொண்டுவந்து கொடுப்பாள். பிறர் வீட்டு விஷயம் என்று மரியாதையாக இருந்துவிட்டேன். அந்த மரியாதையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

மலர்க்கொடி அன்றே கண்ணாடிக்குப் பொட்டு வைத்தாள். இப்போதும் வைக்கிறாள், இருவருக்கும்.

சுமதி, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் சாயத்தைக் கீழ்நோக்கி இறக்கினேன் இல்லையா, அதில் கடைசிச் சாயம் முதுகுப்பக்கத்து இழைகளில் தங்கிவிட்டது. பின்பக்கம்தானே, விட்டுவிடுங்கள் என்று மேடம் சொல்ல, விட்டுவிட்டேன். அதை எடுக்க முடியும். பொறுமையாகச் செய்தால் அரைநாள் வேலை. எப்படி என்று உனக்கே தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கை வைக்காதே. காகிதத்தைக் குப்புறப் போடுவதற்கு முன்னால் படத்தைப் பார். அதை நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அறிக்கையில் என்ன எழுதுவதென்று கேட்டாய். "பின்புறம், நெற்றிக்கு நேரே, விரல்நுனி அளவில் இளஞ்சிவப்புத் தடம். கணவர் வைத்த பொட்டு" என்று எழுது. அப்படியெல்லாம் அறிக்கையில் எழுதும் வழக்கமில்லை என்று உன் மேலதிகாரி சொல்வார். மேடம் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். எழுதும்மா.